பினோ நுவாரும் ஒரு கோப்பைத் தேநீரும்

சில ஆண்டுகளுக்கு முன் மெல்பேணில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தேன். மாலைத் தேநீருக்காக அவர் அலமாரியிலிருந்து ஒரு தகரப் பேழையை எடுத்து வைத்தார். அதன் மீது 'உட வத்த' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தது. நண்பர் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்தவர். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். "இது என்னான்னு தெரியுமா அண்ணே? இதுதான் தேயிலையில பினோ நுவாராம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப எங்கம்மா முப்பது வருசமா வைன் தோட்டத்திலதான் வேலை செஞ்சிருக்காங்க. அவங்களுக்கே தெரியாமப் போயிருச்சு" என்றார்.

நண்பர் வேடிக்கையாகச் சொன்ன சொல் அது. ஆயினும் அந்த வேடிக்கைக்குள் இருக்கும் கேள்வி இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. அதையே இப்பத்தியில் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பின்னணியைக் கூறிவிடுகிறேன். இலங்கையின் டில்மா நிறுவனம் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் 'வத்த' வரிசை என்ற பெயரில் நான்கு தேயிலைகளை உலகச் சந்தைக்கு அனுப்பியது. சிங்களத்தில் வத்த என்றால் தோட்டம். ரன் வத்த, உட வத்த, மெத வத்த, யட்ட வத்த என்பன முறையே பொன் தோட்டம், மேல் தோட்டம், நடுத் தோட்டம், கீழ்த் தோட்டம் எனப் பொருள்படும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் விளையும் தேயிலை. வெளிநாட்டு நுகர்வோருக்கு எளிதில் விளங்கும்பொருட்டு ஒவ்வொன்றையும் ஒரு வைனோடு ஒப்பிட்டார்கள். 6,000 அடி உயரத்து ரன் வத்த ஷாம்பேன். 5,000 அடியை ஒட்டிய உட வத்த பினோ நுவார். மத்திய உயரத்து மெத வத்த ஷிராஸ். தாழ்நிலத்து யட்ட வத்த கபெர்னே சோவின்யோன்.

வைன் அருந்தும் பழக்கம் நம்மவரிடையே பரவலானதன்று என்பதால் பினோ நுவாரைப் பற்றிச் சில வரிகள் அவசியமாகின்றன. அது ஒரு கருந்திராட்சை. பைன் மரத்தின் காயைப் போல நெருங்கிக் குவிந்த கொத்தாகக் காய்ப்பதால் இப்பெயர் வந்தது என்பர். தோல் மெல்லியது, நோய்க்கு எளிதில் இரையாவது, வெப்பம் மிகுந்த இடங்களில் தன் நறுமணத்தை இழந்துவிடுவது. குளிர்ந்த நிலமே அதற்கு உவப்பானது. கிழக்குப் பிரான்சின் பர்கண்டி அதன் தாயகம். அமெரிக்காவின் ஒரேகன், நியூசிலாந்தின் மத்திய ஒட்டாகோ, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா ஆகிய குளிர்ப் பிரதேசங்களில் பிற்காலத்தில் அது நன்கு வேரூன்றியது. அதிலிருந்து பெறும் வைன் நிறத்தில் அடர்த்தியற்றது. அதன் பெருமை வாசனையிலேயே உள்ளது. தான் வளர்ந்த நிலத்தின் குணத்தை அவ்வளவு துல்லியமாக வெளிக்காட்டும் திராட்சை வேறில்லை என்று வைன் அறிந்தோர் சொல்வர். ஓர் ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் நட்ட ஒரே கொடி இருவேறு சுவை தரும் என்பது பர்கண்டிக்காரரின் நம்பிக்கை. மண், சரிவு, வெயில், காற்று யாவும் கூடி ஒரு விளைபொருளுக்குத் தரும் இக்குணத்தைப் பிரெஞ்சுக்காரர் 'டெருவார்' என்ற ஒரே சொல்லால் குறிப்பர்.

அப்படியானால் உட வத்தையைப் பினோ நுவார் என்றது வெறும் விளம்பரச் சொல்தானா? நான் அவ்வாறு கருதவில்லை. மலையகத்தின் தேயிலையை அறிந்தவர்களுக்கு இந்த ஒப்புமையில் நியாயம் உண்டு என்பது தெரியும். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, லிந்துலை, பொகவந்தலாவை ஆகியவற்றை உள்ளடக்கிய திம்புள்ளப் பிரதேசம் மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்தது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அங்கே வரண்ட காற்று வீசும். பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமாக இருக்கும். அப்போது செடியின் வளர்ச்சி மந்தமாகிறது. மெதுவாக வளரும் கொழுந்தில் வாசனைப் பொருள்கள் செறிகின்றன. அந்த வாரங்களில் பறித்த கொழுந்தே திம்புள்ளத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்தது. மலையின் மறுபுறம் ஊவாவில் இதே அதிசயம் ஜூலை முதல் செப்டம்பர் வரை நிகழ்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் நுவரெலியாவின் தேயிலையோ வெளிர்நிறமும் மலர் மணமும் கொண்டது. ஒரே செடி, ஒரே தீவு, சில மைல் தூரம், சுவையோ வெவ்வேறு. இது டெருவார் அல்லவென்றால் வேறெது?

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னதில் அந்நிறுவனத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. மெரில் ஜே. பெர்னாண்டோ 1950களில் லண்டனுக்குச் சென்று தேயிலைச் சுவைத்தேர்வைக் கற்ற இலங்கையர்களுள் ஒருவர். இலங்கைத் தேயிலை மொத்தமாக மூட்டைகளில் ஏறிச் சென்று, பிற நாட்டுத் தேயிலைகளோடு கலக்கப்பட்டு, வெளிநாட்டார் பெயரில் விலையேறி விற்கப்படுவதை அவர் அங்கே கண்டார். பல ஆண்டுகளுக்குப் பின், 1980களில், தம் புதல்வர் தில்ஹான், மாலிக் இருவரின் பெயர்களை இணைத்து டில்மா என்ற வணிகப் பெயரை உருவாக்கினார். விளைந்த நாட்டிலேயே பொதி செய்து, விளைந்த நாட்டாரின் பெயரிலேயே விற்பது என்பது அன்றைய தேயிலை உலகில் சிறு காரியமன்று. 2023 ஜூலையில் தமது 93ஆவது வயதில் அவர் மறைந்தார். நிறுவனம் இன்றும் அக்குடும்பத்தினரின் கையிலேயே உள்ளது. அறப்பணிகளுக்கென ஒரு நிதியமும் அவர் ஏற்படுத்திச் சென்றார். நல்லதை நல்லதென்று சொல்வதில் நமக்குத் தயக்கம் இருக்கலாகாது.

என் கேள்வி நிறுவனத்தை நோக்கியதன்று, ஒப்புமையை நோக்கியது. தேயிலையை வைனோடு ஒப்பிடுவதாயின், அந்த ஒப்புமையைப் பாதியில் நிறுத்துவது முறையா? சுவையில் ஒப்பிட்டாயிற்று. உயரத்தில் ஒப்பிட்டாயிற்று. நிலவுரிமையில் ஒப்பிட்டுப் பார்த்தோமா?

பர்கண்டியின் கதை சுவையின் கதை மட்டுமன்று. நிலத்தின் கதையும் கூட. அங்கே க்ளோ த வூஜோ என்றொரு புகழ்பெற்ற திராட்சைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ 50 ஹெக்டேயர் பரப்பு, சுற்றிலும் கல்மதில். நூற்றாண்டுகளாக அது சிஸ்டர்சியன் துறவியரின் சொத்தாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபையின் நிலங்கள் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தன. அதன் பின் நெப்போலியனின் சட்டக்கோவை வாரிசுகளிடையே சொத்தைப் பங்கிட வழிசெய்தது. இன்று அதே மதிலுக்குள் சுமார் 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். அந்தச் சில வரிசைகளிலிருந்து வரும் குப்பியின் மீது குடும்பத்தின் பெயர் இருக்கும்.

அந்தப் பெயரும் எளிதாக வந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்கண்டி விவசாயி தன் வைனைப் பீப்பாயில் வணிகனுக்கு விற்றுவிடுவான். வணிகன் அதை மலிந்த சரக்கோடு கலந்து, உயர்ந்த ஊரின் பெயரை ஒட்டி விற்பான். இதை எதிர்த்து, நுவி சான் ஜோர்ஜ் ஊரின் ஆன்ரி கூஜ், வோல்னே ஊரின் மார்க்கி தாஞ்சர்வீல் போன்றோர் தம் வைனைத் தாமே குப்பியில் அடைத்து விற்கத் துணிந்தனர். வணிகர்களோடு அவர்கள் நடத்திய போராட்டத்தின் பின்னணியில்தான் 1935இல் பிரான்சில் ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 2015இல் பர்கண்டியின் திராட்சை நிலக்கூறுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. கலப்படத்தை எதிர்த்து மெரில் பெர்னாண்டோ செய்ததும் கூஜ் செய்ததும் ஒரே திசையிலான காரியங்களே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கூஜ் தம் நிலத்தில் தாமே உழைத்த விவசாயி. மலையகத்தில் உழைப்பவர் வேறு, நிலத்தை ஆள்பவர் வேறு, பெயரை விற்பவர் வேறு.

மலையகத்தின் நிலவரலாற்றை வாசகர்கள் அறிவர், சுருக்கமாகவே நினைவூட்டுகிறேன். 1820கள் தொடக்கம் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே இம்மக்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் கோப்பியை இலைநோய் அழித்தது. அதன் பின் மலைகள் யாவும் தேயிலையாயின. அத்தனை மலைகளையும் பச்சையாக்கிய மக்களை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிவுக்கு வந்தது.

பர்கண்டியில் நிகழ்ந்தது போன்ற ஒரு தருணம் இலங்கைக்கும் வந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நிலம் கை மாறிற்று. ஆனால் அதில் ஒரு நூற்றாண்டாக உழைத்தவனின் கைக்கு அது வரவில்லை. மாறாக, அவ்வாண்டுகளில் பல தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. 1973, 1974 ஆண்டுகளில் லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அக்காலத்தில் கண்டி வீதிகளிலே பிச்சையெடுத்து நின்ற தோட்டத்து மக்களைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசுக்குச் சொந்தம். கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகை. புரட்சிக்குப் பின் பர்கண்டியில் நிலம் ஏலத்துக்கு வந்தது; இங்கே நிலம் அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதிலே இன்னொரு விந்தையும் உண்டு. இலங்கைத் தேயிலையின் புகழ் உயரத்தில் இருக்கிறது. பணமும் உரிமையும் தாழ்நிலத்தில் இருக்கின்றன. கொழும்பு ஏலத்தில் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலை நெடுங்காலமாக உயர்நிலத் தேயிலையின் சராசரியை விஞ்சியே நின்றுள்ளது. மத்திய கிழக்கு நாடுகளில் கடும் நிறமுள்ள அத்தேயிலைக்கு இருக்கும் விருப்பமே இதற்கு முக்கிய காரணம். நாட்டின் மொத்த உற்பத்தியில் அறுபது சதவீதத்துக்கு மேல் தாழ்நிலத்தது. அதில் பெரும்பகுதி காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஓரிரண்டு ஏக்கருக்குக் குறைவான காணி வைத்திருக்கும் சிற்றுடைமையாளர்கள் பறித்துத் தருவது. அவர்கள் தம் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். விற்பனைச் சராசரியில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்று அரசு வகுத்த சூத்திரமும் உண்டு. ஆக, கபெர்னே சோவின்யோன் என்று வருணிக்கப்படும் கீழ்த் தோட்டத்துச் சிறுவிவசாயி பர்கண்டிக்காரனைப் போன்றே நிலமும் பங்கும் உடையவன். பினோ நுவார் என்று புகழப்படும் மேல் தோட்டத்துத் தொழிலாளிக்கோ நாட்கூலி மட்டுமே.

அந்த நாட்கூலியைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என நிர்ணயமானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. 2025 நவம்பரில் முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் அடிப்படை 1,550 ரூபாயும், வருகைக்கான ஊக்குவிப்பாக அரசு தரும் 200 ரூபாயும் சேர்த்து 1,750 ரூபாய் என அறிவித்தார்கள். நாள் முழுவதும் பறிக்க வேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்ற கணக்கில் அது நான்கு கிலோ தேயிலை. ஒரு தேநீர்ப் பைக்கு இரண்டு கிராம். ஆக ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு 2,000 கோப்பைத் தேநீர். 1,750 ரூபாயை 2,000ஆல் வகுத்துப் பாருங்கள். கோப்பைக்கு ஒரு ரூபாய் கூட வரவில்லை; 87 சதம் வருகிறது.

கம்பனிகளின் தரப்பில் சொல்லப்படுவதையும் இங்கே பதிவு செய்வது நேர்மை. உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர் செலவே என்கிறார்கள். மலைகளில் உள்ள செடிகள் பலவும் முதியவை, விளைச்சல் குறைவு. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் விதித்த தடை அந்த விளைச்சலையும் வீழ்த்தியது. பறிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகிறார்கள். இவை பொய்யல்ல. 1992இல் தோட்டக் கம்பனிகளின் கீழிருந்த தொழிலாளர் தொகை மூன்று இலட்சத்துக்கு மேல். இன்று அதில் பாதி கூட இல்லை. ஆனால் இந்த வாதம் நாட்கூலி முறை நீடிக்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. அம்முறை தொழிலாளிக்கும் கட்டுப்படியாகவில்லை, கம்பனிக்கும் கட்டுப்படியாகவில்லை என்பதையே நிறுவுகிறது. தனதென்று ஒன்றுமில்லாத இடத்தில் தன் பிள்ளையும் கூடை சுமக்க வேண்டும் என்று எந்தத் தாய் விரும்புவாள்?

கொழுந்து பறிப்பது எவரும் செய்யக்கூடிய வேலை என்ற எண்ணமும் இதற்கு ஒரு காரணம். வைன் உலகில் திராட்சைத் தோட்டக்காரனைக் கலைஞன் போலக் கொண்டாடுவர். இங்கோ, செங்குத்தான மலையில், இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடை சுமந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து, முற்றிய இலையை ஒதுக்கி, கண்ணைவிடக் கை விரைந்து இயங்க ஒரு நாளைக்குப் பல்லாயிரம் கொழுந்து ஒடிப்பவளைத் திறனற்ற உழைப்பாளி என்றே கணக்கில் எழுதுகிறோம். கொழுந்து கூடையிலே நசுங்கினால் தேயிலை கெட்டது. பறிக்கும் சுற்று இரண்டு நாள் பிந்தினால் தேயிலை கெட்டது. வாட்டும் தட்டில் இலையைக் கையால் தொட்டுப் பதம் சொல்பவரும், அரைத்த இலையின் வாசனையை முகர்ந்து அடுப்புக்கு அனுப்பும் நேரத்தைச் சொல்பவரும் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். மலையும் காற்றும் தருவது பாதி. மீதி இக்கைகள் தருவது.

தமிழருக்கு இந்த உண்மையைப் பிரெஞ்சுச் சொல்லால் விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் திணை என்ற சொல் உண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவற்றோடு நிறுத்தவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், பண் என அந்நிலத்து வாழ்வைக் கருப்பொருள் என்று வகுத்தார். பின்வந்த இலக்கண நூலார் அந்நிலத்து மக்களையும் அதில் சேர்த்து எண்ணினர். தொழிலும் பறையும் இல்லாத மலை வெறும் மலைதான், அது குறிஞ்சியாகாது. தேயிலைப் பேழையின் மீது உயரம் எழுதியிருக்கிறது. சில வேளை பருவமும் எழுதியிருக்கிறது. அதாவது நிலமும் பொழுதும், முதற்பொருள் மட்டும். விடியலில் பிரட்டுக்கு அழைத்த தப்பின் ஓசையும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், செடிகளுக்கிடையே நிற்கும் சிறு கோயிலும், தோட்டத்துக்கு மக்களே வைத்து வழங்கிய தமிழ்ப் பெயரும் எந்தப் பேழையிலும் இல்லை. கருப்பொருள் நீங்கிய திணையை நாம் உலகுக்கு விற்கிறோம்.

நிலம் என்பது சுவை மட்டுமன்று என்பதை மலையக மக்கள் இரத்தத்தால் அறிந்தவர்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கை முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பெரும் இழப்புக்கு ஆளாயின. வைன் இரசிகர் வியந்து பேசும் அதே சரிவுதான் மழைக்காலத்தில் வீட்டின் மேல் விழுகிறது. பாதுகாப்பான இடத்துக்குப் போ என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். போவதற்கு இடம் வேண்டுமே! சொந்தக் காணி உள்ளவன் வீடிழந்தால் காணியாவது மிஞ்சும். லயத்தில் இருப்பவனுக்கு மிஞ்சுவது எது?

பர்கண்டியையும் ஷாம்பேனையும் சொர்க்கமாகச் சித்திரிப்பது என் நோக்கமன்று. 2023 அறுவடையின்போது ஷாம்பேன் பிரதேசத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளரை மனிதர் வாழத் தகாத இடத்தில் அடைத்து வேலை வாங்கிய வழக்கில், 2025 ஜூலையில் பிரெஞ்சு நீதிமன்றம் மூவரை ஆட்கடத்தல் குற்றவாளிகளாகத் தீர்ப்பளித்தது. உயர்ந்த குப்பியின் அடியிலும் கசடு உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அது குற்றம் என்று நீதிமன்றத்தில் நின்றது. இங்கே, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தது வழக்கம் என்றே கடந்து போயிற்று.

ஆகவே என்ன செய்யலாம்? என் கருத்தில் மூன்று காரியங்கள் உள்ளன.

முதலாவது காணி. மலையகக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ், பின்னர் 10 பேர்ச்சஸ் என்று மாறி மாறி வந்த ஆட்சிகள் வாக்குறுதி தந்தன. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் ஏறத்தாழ இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்களை வழங்கினார்கள். நல்ல தொடக்கம்; வரவேற்போம். ஆனால் 10 பேர்ச்சஸ் என்பது ஓர் ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கு. அதில் வீடு கட்டலாம், விவசாயியாக முடியாது. வீட்டுக் காணியோடு தேயிலைக் காணியும் பேசப்பட வேண்டும்.

இரண்டாவது பங்கு. சில கம்பனிகள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் முறையைத் தொடங்கியுள்ளன. தொழிலாளர் பலர் அதை அஞ்சுகிறார்கள், அச்சத்தில் நியாயமுண்டு. சேமலாப நிதி போய்விடும், உரச் செலவு தலையில் விழும், காணியோ கம்பனியின் பெயரிலேயே இருக்கும். உரிமையில்லாமல் பொறுப்பை மட்டும் தருவது சிற்றுடைமை ஆகாது. காலி மாவட்டத்துச் சிறுவிவசாயிக்கு உள்ள அதே 68 சதவீதமும் அதே காணி உறுதியும் ஹட்டன் தொழிலாளிக்கும் கிடைத்தால் அப்போது அது வேறு கதை. 2045இல் குத்தகைகள் முடிகின்றன. அவ்வாண்டு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால், நிலம் மறுபடியும் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கே போகும். இப்போதே பேச வேண்டும்.

மூன்றாவது பெயர். இது பணச் செலவில்லாதது. தோட்டத்தின் பெயரைப் பேழையில் எழுதுகிறவர்கள் அத்தோட்டத்து மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரையும், பறிப்பவருக்குக் கிடைக்கும் பங்கையும் ஏன் எழுதக்கூடாது? 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. தேயிலைக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டும் என்று பேசுவோர், புவியோடு அப்புவியில் வாழ்பவரையும் சேர்த்துப் பேச வேண்டும். உலகெங்கும் வாழும் தமிழர் நாளும் தேநீர் அருந்துபவர்கள். கடையில் பேழையைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்கும் நுகர்வோராக அவர்களுக்கு ஒரு வலிமை உண்டு. அதை அவர்கள் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை.

2023இல் மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் நடந்த வழியில் பலர் நடந்தார்கள். அவர்கள் கேட்டது இரக்கமன்று. சமமான குடிமக்களாக வாழும் உரிமை. அவ்வுரிமையின் வேர் நிலத்தில் இருக்கிறது.

மெல்பேண் நண்பரின் இல்லத்துக்கு மீள்கிறேன். அன்று அவர் ஊற்றித் தந்த தேநீர் உண்மையிலேயே அருமையானது. பொன்னும் செம்மையும் கலந்த நிறம், இலேசான துவர்ப்பு, விழுங்கிய பின்னும் நாவில் தங்கிய வாசனை. "உங்கள் அம்மா இதைக் குடித்திருக்கிறாரா?" என்று கேட்டேன். "தோட்டத்துல குடுக்கிறது தூள் தானே அண்ணே. இதெல்லாம் இஸ்டோர்ல இருந்து நேரா கொழும்புக்குப் போயிரும். அம்மா இங்க வந்தப்பதான் முதல் தடவை குடிச்சாங்க" என்றார். "என்ன சொன்னார்?" என்றேன்.

"வாயில வச்ச உடனே, இது பெப்ரவரிக் கொழுந்துன்னு சொன்னாங்க."

பேழையின் மீது அப்படி ஏதும் எழுதியிருக்கவில்லை.